ஹெக்டரின் பதினெட்டுப் பேர்

பெப்ரவரி 12, திங்கள்

இன்று எனக்குப் பதினெட்டு ஆண்கள் கிடைத்தார்கள். எல்லோரும் உயரமானவர்கள். எல்லோருக்கும் சம்பளம் கூட. ஒருவரையும் நான் கண்டதில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மார்லீன் வந்து என் பக்கத்தில் இருந்தார். எங்கள் பூங்கன்றுப் பண்ணைக்கு அவர்தான் தலைவி. அறுபத்து மூன்று வயதிலும் மண் மூட்டையைத் தனியாகத் தூக்குவார். அவர் பேசுவது ஆங்கிலம். எனக்கு அது மனதுக்குள் எப்படிக் கேட்கிறதோ அப்படியே எழுதுகிறேன்.

"ரூபி, எங்களுக்கு ஒரு ஆள் குறையுது. பத்துப் பேர் வேணும்."

"என்னத்துக்கு?"

"பேஸ்போலுக்கு."

நான் சிரித்துவிட்டேன். எனக்கு நாற்பத்தாறு வயது, முழங்கால் வேறு நோ. ஓடத் தேவையில்லை என்றார். பண்ணையில் பத்தொன்பது வருடமாக இப்படியொரு விளையாட்டு நடக்கிறதாம். அணிகள் கற்பனை. வீரர்கள் உண்மையானவர்கள். அவர்கள் மைதானத்தில் அடித்தால் இங்கே எங்களுக்குப் புள்ளி. ஒருவனை எடுத்தால் வருடக்கணக்காக வைத்திருக்கலாம், அதனால் இதை வம்ச லீக் என்கிறார்கள். ஆனால் வைத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் அவனுடைய சம்பளம் ஏறும். அணியின் மொத்தச் சம்பளம் இருநூற்று அறுபதைத் தாண்டக்கூடாது. அந்தக் காசும் கற்பனைதான். ஒருவரும் ஒரு சதம் கொடுப்பதில்லை.

"இது ஹெக்டரின்ரை அணி. இப்ப முந்நூற்றுப் பதினொண்டிலை நிக்குது. மார்ச் இருபத்துமூண்டு மத்தியானத்துக்கு முன்னம் நீர் ஆக்களை விட்டு வரம்புக்குள்ளை கொண்டுவர வேணும்."

ஹெக்டர் எங்கள் கொதிகலனைப் பார்த்தவர். நான் சேர்ந்தபோது அவர் இல்லை. அவருக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஹெக்டர் போயிட்டான்," என்று சொல்லி மார்லீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செத்தவரைப் பற்றிக் கிண்டிக் கேட்கக்கூடாது. சரி என்று சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி 15, வியாழன்

மகள் சாம்பவி அந்த இணையப் பக்கத்தைத் திறந்து தந்தாள். ஒவ்வொரு வீரனின் பெயருக்குப் பக்கத்திலும் சிறிய மஞ்சள் அடையாளம் இருந்தது. தொட்டால் ஹெக்டரின் குறிப்பு வருகிறது. பதினான்கு வருடக் குறிப்புகள்.

ஒருவனுக்கு: "மழை நாளில் நன்றாக அடிப்பான். ஏனென்று தெரியாது."

இன்னொருவனுக்கு: "தோள் சத்திரசிகிச்சை. குணமாகிவிடுவான். பொறு."

மார்செலோ அபிலா என்பவனுக்கு: "பதினேழு வயதில் எடுத்தேன். என்ன விலையானாலும் கைவிடாதே." அபிலாவின் சம்பளம் ஐம்பத்தெட்டு. அணியிலேயே கூடிய சம்பளம்.

வாசித்துக்கொண்டே போனேன். புட்டு ஆறிவிட்டது. இப்படிக் கவனமாகப் பார்க்கத் தெரிந்த ஒரு மனிதர் எங்கள் கொதிகலனுக்குப் பக்கத்தில் பதினான்கு வருடம் நின்றிருக்கிறார். நான் சில மாதம் பிந்திவிட்டேன்.

பெப்ரவரி 21, புதன்

இவர், சாம்பவியின் அப்பா, வவுனியாவிலிருந்து தொலைபேசியில் எடுத்தார். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு. காணி அலுவல் இன்னும் முடியவில்லையாம்.

"ரெஜிஸ்ட்ரார் லீவிலை நிக்கிறார். இன்னும் ஒரு மூண்டு கிழமை எடுக்கும் போலை கிடக்கு."

பின்னால் ஒரு பெண்குரல் "சோறு ஆறுது" என்றது. தன் அக்கா வீட்டில் நிற்கிறாராக்கும் என்று நினைத்தேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் நினைவு வந்தது, அக்கா டென்மார்க்கில் இருக்கிறா. அப்படியென்றால் மச்சாளாக இருக்கும்.

இவருடைய குளிர் உடுப்பு இன்னும் அலுமாரியில் தொங்குகிறது. வவுனியாவில் அது எதற்கு? சாம்பவியின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் இருந்த கோப்பைத் தேடியபோது, இவருடைய சான்றிதழ்கள் இருந்த பக்கம் வெறுமையாக இருந்தது. காணி அலுவலுக்கு எல்லாம் கேட்பார்கள்தான்.

இன்று 320 தட்டு பெற்றூனியா நாற்று நட்டேன்.

மார்ச் 1, வெள்ளி

வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே இருபத்திரண்டு பாகை. கண்ணாடிக் கூரையில் பனி படிந்தால் வெளிச்சம் பாலுக்குள் இருந்து வருவதுபோல இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர்த்தூவிகள் திறக்கும்போது வரிசையின் மறுபக்கத்தில் நிற்கும் ஆளே தெரியாது.

வானொலியில் புளோரிடாவிலிருந்து பயிற்சி ஆட்டம். பேஸ்போல் வர்ணனை அவசரமில்லாதது. ஒரு பந்து போடுவான். பிறகு அறிவிப்பாளர் காற்றைப் பற்றிக் கதைப்பார், யாரோ ஒருவரின் தொப்பியைப் பற்றிக் கதைப்பார். பிறகு அடுத்த பந்து. கேட்டுக்கொண்டே நாற்றுக் குத்தினால் கை தானாகப் போகும்.

அபிலா அடிக்க வந்தான். அந்த நேரம் பார்த்து நீர்த்தூவி திறந்தது. அந்த நீர்ப்புகைக்குள் வெள்ளை உடுப்போடு அவன் நின்றான் என்றால் யார் நம்புவார்கள்? நான் கண்டேன். செடித் தட்டுகளில் கால் படாமல் கவனமாக நடந்து வந்தான். அவனுக்குப் பின்னால் தோள் நோகிறவன், மழைக்காரன், எல்லோரும் வரிசையாக வந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னை விட்டுவிடப் போகிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. கடைசியாக, கொதிகலன் பக்கத்தில் முதுகு காட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். கம்பளித் தொப்பி போட்டிருந்தார்.

தூவி நின்றது. மார்லீன் என் தோளில் கை வைத்து, "ரூபி, நித்திரையே?" என்றார்.

தட்டில் ஒரே குழியில் நான்கு நாற்று வைத்திருந்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

யாரையும் விடவில்லை. இன்னும் முந்நூற்றுப் பதினொன்று.

மார்ச் 10, ஞாயிறு

இன்று கோடைக்காகக் கடிகாரத்தை முன்னால் தள்ளும் நாள். ஒரு மணித்தியாலம் எங்கேயோ போய்விட்டது. காலை முழுக்க அதைத் தேடுகிறவள்போல வீட்டுக்குள் நடந்தேன்.

சாம்பவிக்கு ஹலிஃபாக்ஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கடலியல். பத்து வயதிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு உடனே சொன்னாள்:

"நான் போகேல்லை அம்மா. இஞ்சை ஸ்காபரோவிலையே படிக்கிறன். பஸ்ஸிலை இருபது நிமிசம்."

"இஞ்சை கடலியல் இல்லையே பிள்ளை?"

"உயிரியல் இருக்கு. ரெண்டும் ஒண்டுதான்."

ரெண்டும் ஒன்றில்லை என்று எனக்கே தெரியும். ஏன் என்று கேட்டேன். அங்கே குளிர் கூட என்றாள். ஸ்காபரோவில் குளிர் இல்லையாமா?

இரண்டு மாதமாக மருந்துக்கடையில் கூடுதல் நேரம் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கட்டிலுக்கு வந்து, "உங்களோட படுக்கட்டே?" என்கிறாள். பதினேழு வயதுப் பிள்ளை. அவளுடைய அறையின் சூடாக்கி சரியில்லை என்று நினைக்கிறேன். ஆளைக் கூப்பிட வேண்டும்.

"அப்பா வரட்டும், கதைப்பம்," என்றேன். அவள் கோப்பை கழுவப் போய்விட்டாள். ஏற்கெனவே கழுவிய கோப்பை.

மார்ச் 16, சனி

மார்லீன் ஒரு தாளில் வழி எழுதித் தந்தார். அபிலா ஒருவனை விட்டால் இருநூற்று ஐம்பத்து மூன்று, அலுவல் முடிந்தது. அவனை வைத்திருப்பதென்றால் ஏழு பேரை விடவேண்டும். தோள் நோகிறவன், மழைக்காரன், போன வருடம் எடுத்த இரண்டு சின்னப் பெடியங்கள், இன்னும் மூன்று பேர்.

"அபிலாவுக்கு முப்பத்தொரு வயசு. போன வருசம் பாதி ஆட்டம் ஆடேல்லை. விட்டிடும், ரூபி."

"ஹெக்டர் கைவிடாதே எண்டு எழுதியிருக்கிறார்."

மார்லீன் தாளை மடித்து வைத்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். பிறகு பாரவண்டி வந்துவிட்டது.

ஏழு பேரை விடுவதென்றே முடிவு செய்திருக்கிறேன். ஒரு மனிதர் போகும்போது ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருக்கிறார்.

மார்ச் 19, செவ்வாய்

மார்லீன் விநியோகத்துக்குப் போயிருந்தார். பத்து மணிக்குப் பின்வாசலால் ஒரு பெண் வந்தார். கட்டையான உருவம், நரைத்த கூந்தல், கையில் கடைப் பை. ஹெக்டரின் சப்பாத்தும் சுடுதண்ணிப் போத்தலும் கொதிகலன் அறையில் இருக்கிறதாம், எடுக்க வந்ததாகச் சொன்னார். பெயர் லூர்தெஸ். ஹெக்டரின் மனைவி.

செத்தவீட்டுக்குச் சொல்கிற வார்த்தைகளைத் தேடினேன். ஆங்கிலத்தில் அதற்கு எனக்கு ஒரு வசனம்தான் தெரியும், அதைச் சொன்னேன்.

அவர் விளங்காமல் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். நாற்று மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அவன் சாகேல்லை பிள்ளை. போர்த்துக்கல் பக்கம், அசோர்ஸ் தீவிலை, தகப்பன்ரை வீட்டிலை நல்லாய் இருக்கிறான். செப்ரெம்பரிலை கூரை திருத்தப் போனவன். பிறகு வரேல்லை. கூரை இப்பவும் திருந்தேல்லையாம்."

நான் ஒரு கதிரையைத் தேடி அதில் இருந்தேன்.

"நீதான் இப்ப அவன்ரை பந்துக்காரரை வைச்சிருக்கிறியோ?" என்று கேட்டார். ஓம் என்று தொலைபேசியை எடுத்துக் குறிப்புகளைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். மழைக்காரனில் புன்னகைத்தார். தோள் நோகிறவனில், "எனக்கு முழங்கால் வெட்டினபோது இவன் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தரம்தான் வந்தவன்," என்றார். அபிலாவில் நின்றுவிட்டார்.

"பதினேழு வயசிலை எடுத்தானாம். என்னையும் பதினேழு வயசிலைதான் கட்டினவன்."

நீர்த்தூவி திறந்தது. இரண்டு பேரும் நனைந்தபடி இருந்தோம். ஒருவரும் எழும்பவில்லை.

"எத்தினை நாள் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"கிறிஸ்மஸ் வரைக்கும் மேசையிலை ரெண்டு கோப்பை வைச்சன். பிறகு ஒண்டு வைச்சன்." பையின் வாயைக் கட்டினார். "உன்ரை மனுசன் என்ன செய்யிறார்?"

"காணி அலுவலாய் ஊருக்குப் போயிருக்கிறார். மூண்டு கிழமையிலை வந்திடுவார்."

"எப்ப போனவர்?"

"ஒக்ரோபரிலை."

லூர்தெஸ் கிட்டே வந்தார். என் தலைமயிரில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார். போகும்போது தன் தொலைபேசி இலக்கத்தைச் செடிப் பெயர் எழுதும் வெள்ளைக் குச்சியில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 20, புதன்

400 தட்டு ஜெரேனியம். வேறொன்றும் இல்லை.

மார்ச் 23, சனி

சாம்பவி மருந்துக்கடைக்குப் போய்விட்டாள். பதினொரு மணிக்குக் கணினியின் முன் இருந்தேன். ஹெக்டரின் குறிப்புகளை மறுபடி வாசித்தேன். குறிப்புகள் மாறவில்லை. அதே கவனம், அதே அன்பு. ஒரு மனிதரால் இத்தனை பேரை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்க முடிந்திருக்கிறது, வீட்டில் இருந்த ஒருத்தியைப் பார்க்கவில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன். நித்திரைதான் வந்தது. மேசையில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தேன். அந்த அரைத் தூக்கத்தில் பதினெட்டுப் பேரும் எங்கள் குசினியில் நின்றார்கள், இடம் போதவில்லை. அபிலா குளிர்ப்பெட்டியில் சாய்ந்து நின்றான். களைத்துப் போயிருந்தான். அவனுக்கும் முழங்கால் நோ என்று அப்போதுதான் விளங்கியது. அவனை ஒருவரும் கேட்கவில்லை, ஐம்பத்தெட்டு பெறுமதியோடு ஆயுள் முழுக்க இன்னொருவருடைய சொல்லுக்குள் நிற்க விருப்பமா என்று.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கண் விழித்தேன். அபிலாவின் பெயரைத் தொட்டு, "விடுவி" என்பதை அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்று அழுத்தினேன். 253. பச்சை நிறமாக மாறியது.

பிறகு இவருக்கு எடுத்தேன். அங்கே இரவு ஒன்பதரை இருக்கும்.

"நீங்கள் இனி வரமாட்டியள், என்ன?"

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "ரூபி, நான் உம்மட்டைச் சொல்ல வேணுமெண்டுதான்…" என்று தொடங்கினார். சொல்லி முடிக்க விட்டேன். நான்கு நிமிடம் எடுத்தது. சரி என்று வைத்தேன்.

மத்தியானம் கீரை சமைத்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

சாம்பவியிடம் எப்படிச் சொல்வது என்று விடியற்காலையிலிருந்து வார்த்தை கூட்டினேன். இடியப்பம் பிழிந்து வைத்துவிட்டு, அவளை இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளை, ஒரு விசயம் சொல்லப்போறன். நீ பயப்பிடக் கூடாது. அப்பா…"

"அம்மா, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அப்பா வரமாட்டார். அங்கை ஒரு ஆள் இருக்கு. ஜனவரியிலை எனக்கு மெசேஜ் போட்டவர்." அவளுடைய கை குளிர்ந்துபோய் இருந்தது. "அம்மாவுக்குச் சொல்லாதை, நானே சொல்லுறன் எண்டவர். பிறகு சொல்லவேயில்லை. நான் ஒவ்வொரு நாளும் உங்கடை முகத்தைப் பாத்தன், இண்டைக்குச் சொல்லிட்டாரோ எண்டு."

மூன்று மாதம். இந்தச் சின்னத் தலைக்குள் மூன்று மாதம் அதை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். மருந்துக்கடையில் கூடுதல் நேரம் நின்றது, என் கட்டிலில் வந்து படுத்தது, கழுவிய கோப்பையைக் கழுவியது. நான் சூடாக்கி திருத்துகிறவனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு இவர் மேல் வந்த கோபம் எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் வந்தது. என்னை விட்டுப் போனதற்கு வரவில்லை. பிள்ளையின் கையில் அதைக் கொடுத்துவிட்டு இருந்ததற்கு வந்தது. மேசையில் ஓங்கி அடித்தேன், சம்பல் கிண்ணம் கவிழ்ந்தது. சாம்பவி பயந்துபோனாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம். ஆறிப்போன இடியப்பத்தைச் சாப்பிட்டோம்.

"ஹலிஃபாக்ஸ்?" என்றேன்.

"நீங்கள் தனிய இருப்பியள்."

"ஓம், இருப்பன். இருந்து பாக்கிறன்."

"அம்மா…"

"உயிரியலும் கடலியலும் ஒண்டில்லை. இனி எனக்குப் பொய் சொல்லாதை. நானும் உனக்குச் சொல்லமாட்டன்."

அவள் ஓம் என்று சொல்லவில்லை. ஆனால் கடிதத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

மார்ச் 28, வியாழன்

பருவத்தின் முதல் ஆட்டம். மார்லீன் வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். அபிலாவை விதை பிரிக்கிற பகுதியில் வேலை செய்கிற ஒருவர் ஏலத்தில் எடுத்துவிட்டார். முதல் நாளே இரண்டு அடி அடித்தான். ஏமாற்றம் வரவில்லை, பந்து நீளமாகப் பறக்கிறது என்று அறிவிப்பாளர் சொன்னபோது நானும் கை தட்டினேன். என் தோள் நோகிறவன் இன்னும் ஆடாமல் வாங்கில் இருக்கிறான். அவனுடைய குறிப்பின் கீழ் நானும் ஒரு வரி எழுதினேன்: "அவசரமில்லை."

ஏப்ரல் 7, ஞாயிறு

லூர்தெஸ் வந்தார். வாட்டிய மீனும் ஒரு போத்தல் ஒலிவ் எண்ணெயும் கொண்டுவந்தார். அணியைத் தனக்கும் காட்டச் சொன்னார். பேஸ்போல் அவருக்கும் தெரியாது. பதினான்கு வருடம் பக்கத்து அறையில் இருந்து சத்தம் மட்டும் கேட்டவர். "பேர் நல்லாயிருக்கிறவனைப் போடுவம்," என்றார். போட்டோம். இன்றைக்கு மட்டும் முதலாம் இடம்.

மே 29, புதன்

சாம்பவி ஹலிஃபாக்ஸுக்கு ஓம் என்று பதில் அனுப்பினாள். கடைசி நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது. அனுப்பிவிட்டு, என் அறைக் கதவில் வந்து நின்றாள். கட்டிலில் இடம் விட்டுப் படுத்தேன்.

இவருடைய குளிர் உடுப்பை இன்று தேவாலயத்து நன்கொடைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். நல்ல உடுப்பு. யாருக்காவது உதவும்.

செப்ரெம்பர் 1, ஞாயிறு

அணி எட்டாம் இடம். மார்லீன் பரவாயில்லை என்கிறார், அநாதை அணிக்கு முதல் வருடம் எட்டு நல்லதாம்.

நேற்று சாம்பவியை விடுதியில் விட்டுவிட்டு, இன்று மத்தியான விமானத்தில் திரும்பினேன். அவளுடைய யன்னலில் இருந்து கடல் தெரிகிறது, சாம்பல் நிறம், ஓயாமல் அசைகிறது. பிரியும்போது அழவில்லை. விமானத்தில் மேகத்துக்கு மேல் வந்த பிறகு கொஞ்சம் அழுதேன். பக்கத்தில் இருந்த கிழவர் தன் கைக்குட்டையைத் தந்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது பின்னேரம் ஐந்து மணி. ஒரு சத்தமும் இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குசினிக்குப் போனேன். எனக்கு என்ன சாப்பிட விருப்பம் என்று என்னையே கேட்டேன். இவருக்கு என்ன பிடிக்கும், பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்பதுதான் தெரியும். அடுப்படியில் அப்படியே நின்றேன். ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். வெயில் தரையில் கொஞ்சம் நகர்ந்தது.

முட்டை பொரித்தேன். இரண்டு. மிளகு கூடுதலாகப் போட்டு.